பள்ளி கட்டக் கடன்: ஊராரின் வாக்கும் வாதமும்

தோட்டத்துப் பள்ளியின் கூரை ஒழுகினால் நாம் யாரிடம் செல்கின்றோம்? முதலில் தலைமையாசிரியரிடம், பின்னர் பள்ளி வாரியத்தாரிடம், அதன் பின்னர்த் தோட்ட நிருவாகத்திடமும் கல்வி அமைச்சிடமும். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினர் நன்கொடை நூலைக் கையில் எடுத்துக்கொண்டு வீடு வீடாகச் செல்வதும் உண்டு. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இதற்கு வேறொரு வழக்கம் நெடுங்காலமாக இருந்து வருகின்றது. அங்கே பெரும்பாலான மாநிலங்களில், புதிய பள்ளிக் கட்டடத்திற்காகக் கடன் வாங்கலாமா, கூடாதா என்பதை அவ்வட்டாரத்து மக்களே வாக்குச் சீட்டின் மூலம் முடிவு செய்கின்றனர்.

கட்டடம் வேண்டும் என்று எல்லாரும் சொல்வர். கடன் எவ்வளவு, அதை யார் திருப்பிச் செலுத்துவது, எத்தனை ஆண்டுகளுக்கு என்று கேட்கும்போதுதான் ஊர் இரண்டுபடுகின்றது. பெற்றோர் ஒரு பக்கம், ஓய்வூதியத்தில் காலந்தள்ளும் முதியோர் ஒரு பக்கம், நிலமுடையோர் ஒரு பக்கம் என்று வாதம் வளர்கின்றது. இவ்வாதம் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை பலமுறை சென்றிருக்கின்றது. அவ்வழக்குகளுள் தோட்டப் பாட்டாளி மக்கள் கூர்ந்து நோக்கத்தக்க செய்திகள் சில உண்டு. சொந்த வீடோ நிலமோ இல்லாத ஒருவருக்குப் பள்ளிக்கூடம் பற்றி முடிவு சொல்லும் உரிமை உண்டா என்னும் கேள்வி அவற்றுள் முதன்மையானது.

கடன் பத்திரம் என்பது என்ன?

அமெரிக்காவில் ஏறத்தாழ எல்லா மாநிலங்களும் பல பள்ளி மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளன. பள்ளி மாவட்டம் என்றவுடன் நம் நாட்டின் மாவட்டக் கல்வி இலாகாவை எண்ணிவிடலாகாது. அது பெரும்பாலும் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியமும், உள்ளூர் வருமானமும் உடைய ஒரு சிறிய ஆட்சியமைப்பு ஆகும். ஆசிரியர் சம்பளம், புத்தகம், மின்சாரம் போன்ற ஆண்டுச் செலவுகளை மாநில அரசின் உதவியையும் உள்ளூர் வரியையும் கொண்டு அது ஈடுசெய்கின்றது. ஆனால் ஒரு பள்ளிக் கட்டடத்தை எழுப்பும் செலவு ஓராண்டு வருமானத்திற்குள் அடங்குவதன்று. ஆகவே மாவட்டம் கடன் வாங்குகின்றது. வங்கியில் ஒருவரிடம் வாங்கும் கடனாக அல்லாமல், கடன் பத்திரங்களை அச்சிட்டுப் பலருக்கும் விற்று அப்பணத்தைத் திரட்டுகின்றது.

1960ஆம் ஆண்டில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டபோது தோட்டத் தொழிலாளர் பலர் சிறுகச் சிறுகப் பணம் செலுத்திப் பங்கு வாங்கியதை மூத்தோர் அறிவர். பங்கு வாங்கியவர் சங்கத்தின் உடைமையாளருள் ஒருவரானார். கடன் பத்திரம் அத்தகையதன்று. அதை வாங்குபவர் கடன் கொடுத்தவர் மட்டுமே. பள்ளிக்கூடத்தின் ஒரு செங்கல்லும் அவருக்குச் சொந்தமாகாது. குறித்த காலத்தில் வட்டியும், முடிவில் முதலும் அவருக்கு வந்து சேரவேண்டும். வங்கிகள், காப்புறுதி நிறுவனங்கள், தொழிலாளர் ஓய்வூதிய நிதிகள், வசதியுள்ள தனிநபர்கள் ஆகியோரே இப்பத்திரங்களைப் பெரிதும் வாங்குகின்றனர்.

அந்த வட்டிக்கும் முதலுக்கும் பணம் எங்கிருந்து வரும்? மாவட்டத்திலுள்ள வீடுகள், கடைகள், தொழிற்சாலைகள், வயல்கள் ஆகியவற்றின் மதிப்பைக் கணக்கிட்டு, அதன்மேல் ஒரு கூடுதல் வரி விதிக்கப்படுகின்றது. இருபது, இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் வரை அவ்வரி தொடரும். எனவே வாக்குச் சீட்டில் ‘ஆம்’ என்று குறியிடுபவர் இரண்டு செயல்களுக்கு ஒப்புதல் தருகின்றார். ஒன்று, வாரியம் கடன் வாங்கலாம் என்பது. மற்றொன்று, அக்கடன் தீரும்வரை வரி வாங்கலாம் என்பது. இரண்டாவதை மறைத்து முதலாவதை மட்டும் பேசுவோரும், முதலாவதை மறந்து இரண்டாவதை மட்டும் பேசுவோரும் எல்லா ஊர்களிலும் இருக்கின்றனர்.

வீடில்லாதவருக்கு வாக்கு உண்டா?

வரி கட்டுவது சொத்துடையவர். ஆகவே கடன் பற்றி வாக்களிக்கும் உரிமையும் சொத்துடையவருக்கே உரியது என்னும் கருத்து அமெரிக்காவின் சில மாநிலங்களில் சட்டமாகவே இருந்தது. வாடகை வீட்டில் இருப்போர் குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்க வாக்களிக்கலாம். தங்கள் ஊரில் கடன் வாங்குவது பற்றி வாக்களிக்க இயலாது. இது விந்தையாகத் தோன்றினும் அன்று பலருக்கு நியாயமாகவே பட்டது. ‘பணம் கொடுப்பவன் பேசட்டும்’ என்னும் எண்ணம் எந்த நாட்டிலும் எளிதில் வேர்விடுவதாகும்.

1969ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இக்கருத்துக்கு முதல் அடி விழுந்தது. நியூயார்க் மாநிலத்தில் சில பள்ளி மாவட்டங்களின் தேர்தலில் வாக்களிக்க வேண்டுமாயின், ஒருவர் வரிக்குரிய சொத்தை உடையவராகவோ வாடகைக்கு எடுத்தவராகவோ இருத்தல் வேண்டும். அல்லது அவருடைய பிள்ளை அரசாங்கப் பள்ளியில் படித்தல் வேண்டும் என்று சட்டம் இருந்தது. அம்மாநிலத்தைச் சேர்ந்த 31 வயதுடைய ஓர் இளைஞர், மணமாகாதவர், தம் பெற்றோரின் வீட்டில் வசித்து வந்தார். அவருக்குச் சொத்தும் இல்லை, பிள்ளையும் இல்லை. பள்ளித் தேர்தலில் தமக்கு வாக்குரிமை மறுக்கப்பட்டதை எதிர்த்து அவர் வழக்குத் தொடுத்தார். அவருக்குச் சார்பாகவே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பள்ளி நன்றாக நடப்பதில் அக்கறையுடைய பலரை இச்சட்டம் விலக்கிவிடுகின்றது. ஊரில் ஏதோ ஓர் இடத்தை வாடகைக்கு எடுத்திருந்தும் பள்ளியைப் பற்றிச் சிறிதும் எண்ணாத ஒருவரையோ உள்ளே விடுகின்றது என்பது தீர்ப்பின் சாரம்.

மறு ஆண்டு, 1970 ஜூன் மாதத்தில், இதனினும் பெரிய தீர்ப்பு வந்தது. அரிசோனா மாநிலத்தில் பீனிக்ஸ் என்பது ஒரு பெரு நகரம். அந்நகராட்சி கழிவுநீர்க் குழாய், பூங்கா, நூல்நிலையம், காவல் கட்டடம் ஆகியவற்றிற்காகக் கடன் பத்திர வாக்களிப்பு நடத்தியது. சொத்து வரி செலுத்துவோர் மட்டுமே வாக்களிக்கலாம் என்பது அம்மாநிலச் சட்டம். வாடகைக்குக் குடியிருந்த ஒருவர் இதனை எதிர்த்தார். அது பள்ளிக்குரிய வாக்களிப்பு அன்றாயினும், அதில் கூறப்பட்ட நியாயம் சொத்து வரியைப் பிணையாக வைத்து ஊராட்சிகள் வாங்கும் கடன்கள் எல்லாவற்றிற்கும் பொருந்தியது.

நகராட்சியின் வாதம் எளிமையானது. கடனைத் தீர்ப்பது சொத்து வரி. அதைச் செலுத்துவோர் சொத்துடையோர். ஆகவே முடிவும் அவர்களுடையதே. நீதிமன்றம் இதனை இரண்டு வகையில் மறுத்தது. குழாயும் நூல்நிலையமும் ஊரிலுள்ள எல்லாருக்கும் பயன்படுவன. வாடகைக்கு இருப்பவர் அவற்றில் கொண்டுள்ள அக்கறை வீட்டுக்காரரின் அக்கறையைவிடக் குறைந்ததன்று என்பது முதல் மறுப்பு. இரண்டாவது மறுப்பு நம்மவர் மனத்தில் நிறுத்தத் தக்கது. வீட்டுக்காரர் கட்டும் வரியை அவர் தம் பையிலிருந்து மட்டும் கட்டுவதில்லை. அதனை வாடகையில் சேர்த்துக் குடியிருப்பவரிடமே வாங்கிவிடுகின்றார். கடைக்காரரும் அவ்வாறே பொருளின் விலையில் சேர்க்கின்றார். அப்படியாயின், சொத்தில்லாதவர் வரி செலுத்துவதில்லை என்று எவ்வாறு சொல்வது?

இந்த இரண்டாவது நியாயத்தையே யான் பெரிதும் மதிக்கின்றேன். லயத்து வீடு கம்பெனிக்குச் சொந்தம். அதைச் சுற்றியுள்ள நிலமும் கம்பெனிக்குச் சொந்தம். பல தோட்டங்களில் பள்ளி நிற்கும் நிலமும் தோட்ட உரிமையாளருக்கே சொந்தமாக இருந்து வந்துள்ளது. பள்ளிப் பருவத்துப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி அமைக்கவேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்ததன் பயனாக எழுந்த பள்ளிகள் அவை. இன்றும் நம் நாட்டின் தமிழ்ப்பள்ளிகளுள் பல பகுதி உதவி பெறும் பள்ளிகளாகவே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ‘இடம் நம்முடையதன்று, நாம் என்ன பேசுவது?’ என்று பள்ளிக் கூட்டத்தில் பின்வரிசையில் அமர்ந்து எழுந்து வந்துவிடும் பெற்றோர் உண்டு. ஆனால் அவர்கள் வெட்டிய பாலில் வந்த வருமானத்திலிருந்தே அந்நிலத்துக்குரிய வரி கட்டப்பட்டது.

எத்தனை வாக்குகள் போதும்?

வாக்குரிமை எல்லாருக்கும் கிடைத்தபின் அடுத்த வாதம் எண்ணிக்கையைப் பற்றியது. சாதாரணத் தேர்தலில் பாதிக்கு மேல் ஒரு வாக்கு இருந்தால் வெற்றி. கடன் பத்திர வாக்களிப்பில் சில மாநிலங்கள் இதனைப் போதாது என்கின்றன. வாஷிங்டன் மாநிலத்தில் நூற்றுக்கு அறுபது பேர் ஒப்பவேண்டும். ஐடஹோ மாநிலத்தில் மூன்றில் இரண்டு பங்கினர் ஒப்பவேண்டும்.

மூன்றில் இரண்டு என்பதன் பொருளைக் கரும்பலகையில் எழுதிப் பார்ப்பது போலப் பார்ப்போம். ஓர் ஊரில் 1,000 பேர் வாக்களிக்கின்றனர். கடன் வேண்டும் என்போர் 667 பேர் இருந்தாலன்றி அது நிறைவேறாது. 666 பேர் வேண்டும் என்றும் 334 பேர் வேண்டா என்றும் சொன்னால், வேண்டா என்றவர்களே வென்றவர்கள். அதாவது, மறுப்பவர் ஒருவரின் வாக்கு ஏறத்தாழ ஒப்புபவர் இருவரின் வாக்குக்குச் சமமாகின்றது.

இது நியாயந்தானா என்று கேட்டு ஒரு வழக்கு எழுந்தது. மேற்கு விர்ஜீனியா மாநிலத்தில் ரோன் என்னும் வட்டாரத்தின் கல்வி வாரியம், புதிய பள்ளிகள் கட்டவும் பழையவற்றைச் செப்பனிடவும் 18 இலட்சத்து 30 ஆயிரம் டாலர் கடன் கேட்டு 1968 ஏப்ரல் மாதத்தில் மக்களிடம் சென்றது. நூற்றுக்கு 51.55 பேர் ஒப்பினர். ஆனால் அம்மாநிலச் சட்டம் அறுபது விழுக்காடு கேட்டது. பெரும்பான்மையோர் விரும்பியும் பள்ளி எழவில்லை. 1971 ஜூன் மாதத்தில் உச்ச நீதிமன்றம் இவ்வழக்கில் மாநிலச் சட்டத்தை நிலைநிறுத்தியது. நீதிபதிகளுள் எழுவர் ஒரு பக்கம், இருவர் மறுபக்கம். அறுபது விழுக்காடு என்பது எந்த ஒரு கூட்டத்தாரையும் தனியே ஒதுக்கி வஞ்சிப்பதன்று. எல்லாருக்கும் பொதுவான விதி அது என்றனர் எழுவர். அன்றியும், கடனுக்கு வாக்களிப்போர் தம் தலையில் மட்டும் சுமையை ஏற்றுவதில்லை. தொட்டிலில் உள்ள குழந்தையின் பெயராலும், இனிப் பிறக்கப்போகும் பிள்ளைகளின் பெயராலும் கையொப்பமிடுகின்றனர். ஆகவே சற்றுக் கூடுதலான ஒப்புதலைக் கேட்பது முறையே என்பதும் அவர்கள் கருத்து.

இது வலிமையான வாதம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. கடன் வாங்காவிட்டால் இனிப் பிறக்கும் பிள்ளைக்குக் கடன் இல்லை என்பது உண்மை. வகுப்பறையும் இல்லை என்பதும் அதே அளவு உண்மை.

கலிபோர்னியா மாநிலத்தின் கதை இவ்வாதத்தை முழுமையாகக் காட்டும். 1879ஆம் ஆண்டின் அரசமைப்புச் சட்டமே அங்கே மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும் என்றது. பின்னர் 1970ஆம் ஆண்டுகளில் வீடுகளின் விலை மளமளவென ஏறியது. விலை ஏறினால் மதிப்பு ஏறும். மதிப்பு ஏறினால் வரி ஏறும். வேலை செய்த காலத்தில் குறைந்த விலைக்கு வீடு வாங்கி, இப்போது ஓய்வூதியத்தில் வாழும் முதியவருக்கு வீட்டின் விலை ஏறியதால் கையில் ஒரு காசும் கூடவில்லை. வரிச்சீட்டு மட்டும் கூடிக்கொண்டே வந்தது. அவர்களுடைய அச்சம் பொய்யன்று. 1978 ஜூன் 6ஆம் நாள் 13ஆம் முன்மொழிவு என்னும் சட்டத்திருத்தம் ஏறத்தாழ 65 விழுக்காட்டு வாக்குகளைப் பெற்று நிறைவேறியது. சொத்து வரி மதிப்பில் ஒரு விழுக்காட்டைத் தாண்டலாகாது. அம்மதிப்பும், வீடு கைமாறும் வரை, ஆண்டுக்கு இரண்டு விழுக்காட்டுக்கு மேல் ஏறலாகாது என்று அது வரம்பு கட்டியது. மக்கள் அதற்கு முன்னரே ஒப்பியிருந்த கடன்களுக்கு மட்டும் விலக்கு இருந்தது. ஆகவே புதிய பள்ளிக்கெனப் புதிய கடன் பத்திரம் வெளியிட்டு அதற்கு வரி விதிக்கும் வழி அடைபட்டது.

எட்டு ஆண்டுகள் அக்கதவு மூடியிருந்தது. 1986 ஜூன் மாதத்தில் மக்கள் வேறொரு வாக்களிப்பின் மூலம் அதனைத் திறந்தனர். எனினும் மூன்றில் இரண்டு பங்கு என்னும் பழைய பூட்டு அப்படியே இருந்தது. பாதிக்கு மேல் போதும் என்று சட்டத்தை மாற்ற 2000ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் செய்த முயற்சி தோற்றது. அதே ஆண்டு நவம்பரில் நூற்றுக்கு 55 போதும் என்னும் 39ஆம் முன்மொழிவு வென்றது. அது வென்றது ஏறத்தாழ 53 விழுக்காட்டு வாக்குகளால் என்பது வேடிக்கையான செய்தி. 55 வேண்டும் என்று சொல்லும் சட்டம் தானே 55 பெறவில்லை. அரசமைப்புத் திருத்தத்திற்கு அங்கே பாதிக்கு மேல் இருந்தாலே போதும்.

வாதங்கள் யாவை?

கடன் கேட்போர் முதலில் எடுத்துக்காட்டுவது பிள்ளைகளின் பாதுகாப்பு. கலிபோர்னியாவில் இதற்கு நல்ல காரணம் உண்டு. 1933 மார்ச்சு 10ஆம் நாள் மாலை 5.54 மணிக்கு லாங் பீச் பகுதியில் நிலநடுக்கம் ஏற்பட்டது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பல பள்ளிக் கட்டடங்கள் இடிந்து விழுந்தன. பள்ளி விட்டுப் பிள்ளைகள் வீடு சேர்ந்த பின்னர் அது நிகழ்ந்தது என்பதே பெரும் பேறு. சில மணி நேரம் முன்னதாக நிகழ்ந்திருப்பின் மாண்டோர் தொகை எத்தகையதாக இருந்திருக்கும் என்பதை எண்ணவும் நெஞ்சு நடுங்கும். ஒரு திங்களுக்குள், பள்ளிக் கட்டடங்களின் வரைபடத்தையும் கட்டுமானத்தையும் மாநில அரசே மேற்பார்வை செய்யவேண்டும் என்று சட்டம் இயற்றினர். இதனால் பள்ளிகள் உறுதியாயின. கட்டும் செலவும் அதற்கேற்ப உயர்ந்தது.

கடனை மறுப்போர் பிள்ளைகளின் பகைவர் என்று எண்ணுவது தவறு. அவர்களுள் வருமானம் குன்றிய முதியோர் உண்டு. நிலம் மிகுதியாகவும் கையிருப்புக் குறைவாகவும் உடைய உழவர் உண்டு. வரி நிலத்தின் மதிப்பைப் பார்க்குமேயன்றி, அவ்வாண்டு விளைச்சல் எப்படி என்று பார்ப்பதில்லை. முன்பு வாங்கிய கடனுக்குக் கணக்கு எங்கே என்று கேட்போரும் உண்டு. வகுப்பறை வேண்டும், ஆனால் விளையாட்டு அரங்கு எதற்கு என்று கேட்போரும் உண்டு. பள்ளி வேண்டுமா வேண்டாவா என்று மட்டும் கேட்டு இவர்களை வாயடைக்கச் செய்வது வாதமாகாது.

வாக்குச் சீட்டில் எழுதப்படும் சொற்களைப் பற்றியும் பூசல் உண்டு. டெக்சாஸ் மாநிலத்தில் 2019ஆம் ஆண்டின் சட்டப்படி, பள்ளிக் கடன் பத்திர வாக்குச் சீட்டுகளில் ‘இது சொத்து வரி உயர்வு’ என்னும் பொருள்பட அச்சிடுதல் வேண்டும். மக்களுக்கு உண்மை தெரியவேண்டும் என்பது ஒரு சாரார் கருத்து. வரியைச் சொல்லும் சீட்டு, கட்டப்போகும் பள்ளியைச் சொல்லும் சொல்லைவிடப் பெரிதாக ஒலிக்கின்றது என்பது மறுசாரார் குறை. கலிபோர்னியாவின் உயர்நிலை நீதிமன்றம் 1976ஆம் ஆண்டில் வேறொரு வரம்பை வகுத்தது. பொதுப்பணத்தைச் செலவிட்டு ‘வாக்களியுங்கள்’ என்று அரசு அலுவலகம் பிரசாரம் செய்யலாகாது. இரு பக்கத்துச் செய்திகளையும் நேர்மையாக எடுத்துரைக்கலாம். அதன்படி, தலைமையாசிரியர் பணிநேரத்தில் கூரையின் நிலையையும் செலவையும் விளக்கலாம். ‘ஆம் என்று குறியிடுங்கள்’ என்று சொல்லலாகாது. தகவல் இலாகாவில் பணிபுரியும் என் போன்றோர்க்கு, இக்கோடு நூலினும் மெல்லியது என்பது நன்கு தெரியும்.

55 விழுக்காடு என்று பூட்டைத் தளர்த்தியபோதே கலிபோர்னியர் சில காவல்களையும் அமைத்தனர். என்னென்ன வேலைகள் செய்யப்படும் என்னும் பட்டியலை வாக்களிப்புக்கு முன்னரே வெளியிடுதல் வேண்டும். அப்பணத்தில் ஆசிரியர் சம்பளமோ அலுவலகச் செலவோ செய்யலாகாது. ஆண்டுதோறும் வரவு செலவுத் தணிக்கையும், வேலை நடந்த முறை பற்றிய தணிக்கையும் தனித்தனியே நடைபெறுதல் வேண்டும். இவற்றினும் சிறந்தது மக்கள் மேற்பார்வைக் குழு. அதில் குறைந்தது ஏழு பேர் இருப்பர். பிள்ளைகளின் பெற்றோர், பெற்றோர் ஆசிரியர் அமைப்பில் ஈடுபாடுடையவர், முதியோர் அமைப்பைச் சேர்ந்தவர், வணிகர் அமைப்பைச் சேர்ந்தவர், வரிசெலுத்துவோர் சங்கத்தைச் சேர்ந்தவர் ஆகியோருக்கு அதில் இடம் உண்டு. கடனை எதிர்த்து வாதாடியவரையே கணக்குப் பார்க்கும் இருக்கையில் அமர்த்தும் வழி இது. மாவட்டத்தின் ஊழியரோ, கட்டடக் குத்தகையாளரோ, பொருள் விற்பவரோ அக்குழுவில் இடம்பெற முடியாது. உறுப்பினர்களுக்குச் சம்பளமும் இல்லை.

வரிக்கும் உச்ச வரம்பு வைத்தனர். தொடக்கப்பள்ளியும் உயர்நிலைப்பள்ளியும் சேர்ந்த மாவட்டமாயின், ஒரு வாக்களிப்பில் ஒப்பப்பட்ட கடனுக்காக, மதிப்பில் ஒவ்வோர் இலட்சம் டாலருக்கும் ஆண்டுக்கு 60 டாலருக்கு மேல் வரி தேவைப்படாது என்று கணக்கிடப்படுதல் வேண்டும். வரிக்கணக்கில் மூன்று இலட்சம் டாலர் மதிப்புடைய வீடாயின் ஆண்டுக்கு 180 டாலர். மாதத்திற்கு 15 டாலர். பொதுக்கூட்டத்தில் ‘பத்துக் கோடி’ என்று கேட்டு மலைப்பவரும், ‘மாதம் பதினைந்து’ என்று கேட்டால் அமைதியாகச் சிந்திப்பார்.

ஏழை ஊரின் ஒரு டாலர்

இவ்வழக்கத்தில் ஒரு பெருங்குறை உண்டு. அதனைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. வரி விகிதம் ஒன்றாக இருப்பினும், வீடுகள் மலிவான ஊரில் அது திரட்டும் பணம் குறைவு. டெக்சாஸ் மாநிலத்தின் சான் அந்தோனியோ நகரில் எட்ஜ்வுட் என்னும் பள்ளி மாவட்டம் மெக்சிகோ மரபினரான உழைப்பாளி மக்கள் மிகுதியாக வாழும் பகுதி. 1968 மே மாதத்தில் அங்கே மாணவர்கள் தங்கள் பள்ளியின் சீர்கேட்டைக் கண்டித்து வெளிநடப்புச் செய்தனர். பெற்றோர் நீதிமன்றம் சென்றனர்.

1967-68ஆம் கல்வியாண்டில் எட்ஜ்வுட் மக்கள் நூறு டாலர் மதிப்புக்கு 1.05 டாலர் வரி கட்டினர். மாநிலத் திட்டத்திற்குரிய பங்கு போக, மாணவர் ஒருவருக்கு அவர்கள் திரட்ட முடிந்தது 26 டாலர். அதே நகரத்தில் வசதி படைத்தோர் வாழும் அலமோ ஹைட்ஸ் மாவட்டத்தில் வரி 0.85 டாலர் மட்டுமே. மாணவர் ஒருவருக்குத் திரண்டதோ 333 டாலர். மிகுதியாக வரி கட்டிய ஏழைகளின் பிள்ளைகளுக்குக் கிடைத்தது குறைவு. 1973 மார்ச்சு மாதத்தில் உச்ச நீதிமன்றத்தில் ஐவருக்கு நால்வர் என்னும் வேறுபாட்டில் பெற்றோர் தோற்றனர். இதனைச் சீர்செய்வது மாநிலங்களின் பொறுப்பு என்றது தீர்ப்பு. எட்ஜ்வுட் மாவட்டம் சோர்ந்துவிடவில்லை. மாநில நீதிமன்றங்களில் மீண்டும் வழக்காடி, 1989ஆம் ஆண்டில் டெக்சாஸ் உயர்நிலை நீதிமன்றத்தில் ஒருமனதான தீர்ப்பைப் பெற்றது.

அவ்வழக்கு ஆண்டுச் செலவு பற்றியதாயினும் கட்டடக் கடனுக்கும் இதே கணக்குத்தான். ஊரார் அனைவரும் ஒருமுகமாக ‘ஆம்’ என்றாலும், மலிவான வீடுகளின்மேல் விதிக்கும் வரி சிறிய கடனையே தாங்கும். ஆகையால் மாநில அரசே கடன் வாங்கிப் பள்ளி மாவட்டங்களுக்குப் பகிர்ந்தளிப்பதும் உண்டு. கலிபோர்னிய மக்கள் 2016ஆம் ஆண்டில் 900 கோடி டாலருக்கு ஒப்புதல் தந்தனர். 2020 மார்ச்சில் 1,500 கோடி டாலரை மறுத்தனர். 2024 நவம்பரில் 1,000 கோடி டாலருக்கு மீண்டும் ஒப்பினர். 2020இல் மறுக்கப்பட்ட முன்மொழிவுக்கும் வரிசை முறையில் 13 என்னும் எண்ணே வாய்த்தது. அவ்வெண்ணைக் கேட்டவுடன் 1978ஆம் ஆண்டின் வரிச் சண்டையை நினைத்தோர் எத்தனை பேரோ!

கடனின் நீளம்

வாக்களிப்பு முடிந்து கட்டடம் எழுந்துவிட்டால் வாதம் ஓய்ந்துவிடும் என்று எண்ணலாகாது. கடனை எந்த வகையில் வாங்குகின்றனர் என்பதே சில வேளைகளில் முதலை விழுங்கிவிடுகின்றது. கலிபோர்னியாவில் சான் டியேகோ வட்டாரத்தைச் சேர்ந்த போவே பள்ளி மாவட்டம் இதற்கு நாடறிந்த சான்றாயிற்று. வரி விகிதத்தை உயர்த்துவதில்லை என்னும் உறுதிமொழியோடு 2008ஆம் ஆண்டில் அம்மாவட்டம் மக்களின் ஒப்புதலைப் பெற்றது. பணம் தேவை, வரியையும் உயர்த்தக்கூடாது. இவ்விரண்டுக்கும் இடையே அகப்பட்ட வாரியம் 2011ஆம் ஆண்டில் ஒருவகைப் பத்திரங்களை வெளியிட்டு 10 கோடியே 50 இலட்சம் டாலர் திரட்டியது. அப்பத்திரங்களுக்கு இருபது ஆண்டுகள் வரை எதுவும் கட்டவேண்டியதில்லை. வட்டி மட்டும் முதலோடு சேர்ந்து, அதற்கும் வட்டி ஏறிக் குட்டிமேல் குட்டி போட்டுக்கொண்டே வளரும். 2051ஆம் ஆண்டுவரை திருப்பிச் செலுத்தவேண்டிய மொத்தத் தொகை ஏறத்தாழ 98 கோடி டாலர்; வாங்கியதைப் போல் ஒன்பது மடங்குக்கும் மேல்.

2012ஆம் ஆண்டில் பத்திரிகைகள் இதனை வெளிப்படுத்தியபோது ஊரே திகைத்தது. வாக்குச் சீட்டில் கடன் தொகை இருந்தது. திருப்பிச் செலுத்தும் மொத்தத் தொகையை எண்ணிப் பார்த்தவர் சிலரே. தவணை முறையில் தொலைக்காட்சிப் பெட்டியோ மோட்டார் சைக்கிளோ வாங்குவோர் ‘மாதம் எவ்வளவு’ என்று கேட்டுவிட்டு ‘மொத்தம் எவ்வளவு’ என்று கேட்க மறப்பதுண்டல்லவா? ஒரு பள்ளி மாவட்டமே அவ்வாறு மறந்தது போலாயிற்று. 2013ஆம் ஆண்டில் மாநில அரசு சட்டம் இயற்றிப் பள்ளிக் கடன்களில் மொத்தத் திருப்பித்தொகை முதலைப் போல் நான்கு மடங்கைத் தாண்டலாகாது என்றும், இவ்வகைப் பத்திரங்களின் காலம் 25 ஆண்டுகளுக்கு மேற்படலாகாது என்றும், நீண்ட காலப் பத்திரங்களாயின் முன்கூட்டியே கட்டித் தீர்க்கும் வசதி இருத்தல் வேண்டும் என்றும் விதித்தது.

போவே மாவட்டம் வெளியிட்ட பத்திரங்கள் அச்சட்டத்திற்கு முந்தியவை. அவற்றை முன்கூட்டியே கட்டித் தீர்க்கவும் வழியில்லை. 2011ஆம் ஆண்டில் ஆறு வயதில் அங்கே பள்ளியில் சேர்ந்த பிள்ளை, கடைசித் தவணை கட்டப்படும் ஆண்டில் நாற்பத்தாறு வயதை எட்டியிருக்கும்.